மந்திரியின் பதில்

நம்மவரிடையே ஒரு பழக்கம் நெடுங்காலமாக வேரூன்றிக் கிடக்கின்றது. ஒரு வீடு இடிந்து விழுந்தாலும், ஒரு படகு கவிழ்ந்தாலும், ஓர் இளம்பிள்ளை பாழுங்கிணற்றில் வீழ்ந்து மாண்டாலும், கூடியிருப்போர் வாயினின்று முதலில் வெளிப்படும் சொல் 'விதி' என்பதே. மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அச்சொல் சிறிது ஆறுதல் தரக்கூடும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சொல், கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்ப வேண்டியவனுக்கும், படகில் அளவுக்கு மிஞ்சி ஆளேற்றியவனுக்கும் உறுதியான கோட்டையாக அமைந்துவிடுகின்றதே! துன்புற்றவன் சொன்னால் அது ஆறுதல். பொறுப்புடையவன் சொன்னால் அது தப்பிச் செல்லும் வழி. இந்த வேற்றுமையை நம் மக்கள் இன்னும் நன்கு உணரவில்லை என்பது என் எண்ணம்.

விதி என்னும் சொல்லுக்கு எதிராக மனிதன் கண்டுபிடித்த சொல் ஒன்று உண்டு. அதுதான் 'பதில்'. அரசன் ஆண்ட காலத்தில் குடிகள் கேட்கலாம். அரசன் விரும்பினால் விடையளிப்பான், விரும்பாவிடில் வாளா இருப்பான். மக்களாட்சி வந்த பின்னரோ, மந்திரி என்பவர் எழுந்து நின்று பதில் கூறியே தீரவேண்டும் என்னும் முறை ஏற்பட்டது. இந்தியப் பார்லிமெண்டில் இதற்கென்றே வினா நேரம் என்று ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. நட்சத்திரக் குறியிட்ட வினாவிற்கு மந்திரி வாய்மொழியாகவே பதிலளிக்க வேண்டும். அப்பதிலிலிருந்து துணை வினாக்கள் கிளைக்கும். அவற்றுக்கும் அவர் நின்ற நிலையில் விடை கூறவேண்டும். குறியிடாத வினாக்களுக்கு எழுத்து மூலம் பதில் வரும். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகின்றது" என்னும் பதில் இலாகாக்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு போர்வை என்பதும் உண்மைதான். ஆயினும் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கின்றது. கேட்கப்பட்டவர் பெயர் ஏட்டில் ஏறுகின்றது. இதன் அருமை, கேட்க இடமின்றி வாழ்ந்தவர்க்கே தெரியும்.

இவ்வாறு பதில் கூறக் கடமைப்பட்ட மந்திரிகளுள் ஒருவரைப் பற்றி எழுதவே இன்று பேனாவை எடுத்தேன். அவர் லால் பகதூர் சாஸ்திரி. 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் மொகல்சராய் என்னும் ஊரில் ஓர் எளிய பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தையை இழந்தார். ஸ்ரீவாஸ்தவா என்னும் தம் சாதிப் பெயரை இளமையிலேயே களைந்தெறிந்தார். சாஸ்திரி என்பது சாதியைக் காட்டும் பெயரன்று. காசி வித்தியாபீடத்தில் படித்துப் பெற்ற பட்டம். பெயரின் வாலிலே சாதியைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு சீர்திருத்தம் பேசும் பெரியோர்கள் இச்செய்தியைச் சற்றே கவனிக்க வேண்டுகிறேன்.

1947இல் ஐக்கிய மாகாணத்தில் அவர் போலீஸ், போக்குவரத்து இலாகாக்களின் மந்திரியானார். கூட்டத்தைக் கலைக்கத் தடியடிக்கு மாறாகத் தண்ணீரைப் பீய்ச்சுமாறு ஆணையிட்டவர் என்றும், பேருந்துகளில் பெண்களை நடத்துநராக நியமித்தவர் என்றும் அவரைப் பற்றிக் கூறுவர். 1952இல் ராஜ்ய சபை உறுப்பினராகி, மத்திய சர்க்காரில் ரயில்வே, போக்குவரத்து மந்திரிப் பொறுப்பை ஏற்றார். சீமான்களுக்கென்று இருந்த பழைய முதல் வகுப்பு 1955இல் ஒழிக்கப்பட்டது அவர் காலத்தில்தான். மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் மின்விசிறி சுழலத் தொடங்கியதும் அவர் காலத்தில்தான். சென்னைக்கு அடுத்த பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955 அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்டது. அங்கு உருவான பெட்டிகள் முற்றும் எஃகினால் பற்றவைக்கப்பட்டவை. மரத்தாலான பழம்பெட்டி மோதினால் சிம்புகளாகப் பிளந்து உள்ளிருப்போரைக் குத்தும். எஃகுப் பெட்டியோ ஒன்றனுள் ஒன்று புகுந்து நொறுங்குவது குறைவு. ஏழைப் பிரயாணியின் உயிர் எதனால் செய்த பெட்டியில் அவன் அமர்ந்திருக்கிறான் என்பதைப் பொறுத்திருக்கின்றது என்னும் உண்மையை உணர்ந்த ஆட்சி அது என்று சொல்லலாம்.

ஆயினும் 1956ஆம் ஆண்டு அவருக்குக் கொடிய ஆண்டாயிற்று. செப்டம்பர் 2ஆம் நாள் ஐதராபாத்துப் பகுதியிலுள்ள மகபூப்நகர் அருகே பாலம் ஒன்று இடிந்து ரயில் வீழ்ந்தது; நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். சாஸ்திரி தம் ராஜினாமாவைப் பிரதம மந்திரி நேருவிடம் அளித்தார். நேரு அதனை ஏற்கவில்லை. அதன்பின் 82 நாட்கள் சென்றன. நவம்பர் 22ஆம் நாள் இரவு சென்னை எழும்பூரிலிருந்து புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், 23ஆம் நாள் விடியற்காலையில் அரியலூரைக் கடந்து மருதையாற்றுப் பாலத்தை அடைந்தது. பெருமழையால் ஆறு பெருகி ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஏறியதும் பாதை இற்றது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. இறந்தோர் ஏறத்தாழ 150 பேர் என்பர்.

பாலம் எவ்வாறு விழுகின்றது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. வெள்ளம் பாலத்தின் தலையில் அடித்து அதனை வீழ்த்துவது அரிது. நீர் அதன் காலடியிலே வேலை செய்கின்றது. தூணைச் சுற்றியும் கரையை ஒட்டியும் சுழன்று சுழன்று மண்ணை அரித்துக்கொண்டே போகின்றது. மேலே தண்டவாளம் நேராகத்தான் கிடக்கும். கீழே அதனைத் தாங்கும் மண் போயிருக்கும். இருளில் வரும் எஞ்சின் ஓட்டுநருக்கு இது எவ்வாறு புலப்படும்? ஆகையால்தான் மழைக்காலத்தில் கையில் விளக்கேந்தி இருப்புப்பாதையில் நடந்து காவல் புரியும் ஏழைத் தொழிலாளி ஒருவனை நியமிக்கிறார்கள். அவனிடம் சிறு வெடிகள் இருக்கும். அபாயம் கண்டால் தண்டவாளத்தின்மேல் அவற்றை வைப்பான். சக்கரம் ஏறியதும் அவை வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும். பல்லாயிரம் ரூபாய் சம்பளம் பெறும் பெரிய உத்தியோகஸ்தர்கள் இருந்தும், நள்ளிரவு மழையில் பிரயாணிகளுக்கும் மரணத்துக்கும் இடையே நிற்பவன் மிகக் குறைந்த கூலி பெறும் அந்த ஒருவனே. அவன் நடக்கவேண்டிய தூரம் எவ்வளவு, அவன் விளக்குக்கு எண்ணெய் உண்டா, அவன் சொல்லுக்கு அதிகாரம் உண்டா என்று பார்ப்பது யார் கடமை? இந்த வினாவைப் படிப்படியாக மேலே தொடர்ந்து சென்றால் அது மந்திரியின் நாற்காலியில் போய் முடியும்.

அரியலூர்ச் செய்தி கடல் கடந்து எங்கள் லயத்திற்கும் வந்தது. அப்போது எனக்கு வயது 10. பேராக் மாநிலத்திலுள்ள ஒரு ரப்பர்த் தோட்டத்தில் என் தந்தையார் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். என் தாயார் பிறந்தது அரியலூர்த் தாலுக்காவில் ஒரு சிற்றூர். சில வாரங்கள் கழித்து என் தாய்மாமனிடமிருந்து கடிதம் வந்தது. ஆற்றங்கரையில் கிடத்தப்பட்டிருந்த உடல்களையும், அவற்றினிடையே தம்மவரைத் தேடி அலைந்தவர்களையும் பற்றி அவர் எழுதியிருந்தார். தந்தையார் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அதனைப் படித்துக் காட்டினார். அண்டைவீட்டாரும் வந்து அமர்ந்து கேட்டனர். கடிதத்தின் இறுதியில், ரயில்வே மந்திரி வேலையை விட்டுவிட்டார் என்னும் செய்தியும் இருந்தது.

என் தாயார் எழுத்தறியாதவர். ஆனால் அவர் கேட்ட கேள்வி இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது. "ஏங்க, அந்த மந்திரியா வந்து பாலத்தைக் கட்டினாரு? வெள்ளம் வந்ததுக்கு அவர் ஏன் வேலையை விடணும்?" என்றார்.

தந்தையார் சற்று நேரம் கடிதத்தை மடித்தபடியே இருந்தார். பிறகு, "கட்டினவன் யாருன்னு தேடினா ஒருத்தனும் அகப்பட மாட்டான். ஆளுக்கொரு ஆளைக் கைகாட்டுவான். அதனாலதான் எல்லாருக்கும் தெரிஞ்ச ஒருத்தர் முன்னாலே வந்து நிக்கணும்" என்றார். அதற்கு மேல் அவர் விளக்கம் கூறவில்லை. நான்காம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தோட்டத் தொழிலாளி கூறிய அவ்விடையைவிடத் தெளிவான அரசியல் பாடத்தை நான் பின்னாளில் படித்த நூல்களில் காணவில்லை.

நேரு அவ்விராஜினாமாவை ஏற்றபோது பார்லிமெண்டில் கூறிய காரணமும் இதற்கு ஒத்ததே. விபத்துக்குச் சாஸ்திரி எவ்வகையிலும் குற்றவாளியல்லர் என்றும், தம் சக மந்திரிகளுள் அவரினும் சிறந்தவரைக் காணல் அரிது என்றும் அவர் பாராட்டினார். ஆயினும் அரசியலமைப்பின் முறைமைக்கு ஓர் எடுத்துக்காட்டு வேண்டும் என்றும், எது நேர்ந்தாலும் நாம் அசையாமல் இருந்துவிடுவோம் என்று மக்கள் எண்ணக்கூடாது என்றும் கருதியே ஏற்றுக்கொள்வதாகக் கூறினார். அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் சாஸ்திரி பதவியினின்று நீங்கினார்.

"மந்திரி போனால் பாலம் உறுதியாகிவிடுமா?" என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். நியாயமான கேள்விதான். இதற்கு நான் கூறும் விடை, ஏட்டறிவினால் வந்ததன்று. எங்கள் தோட்டத்தில் கண்டதனால் வந்தது.

1961ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்தின் ஓடைமேல் பலகைப் பாலம் ஒன்று இருந்தது. தொலைவிலுள்ள காட்டுக்கு வேலையாட்களை டிராக்டர் வண்டியில் ஏற்றிச் செல்வது அதன் வழியாகத்தான். பலகைகள் உளுத்துவிட்டன என்று மண்டோர் இருமுறை அலுவலகத்தில் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலையில் பலகை முறிந்து வண்டி சாய்ந்தது. பெண்கள் பலர் காயமுற்றனர். ஒருவர் காலை இழந்தார். அவருக்குக் கைக்குழந்தை இருந்தது. மறுநாள் பெரட்டுக்களத்தில் கிராணியார், "நேரம் சரியில்லை, என்ன செய்வது?" என்றார். என் தந்தையார் வரிசையினின்று முன்வந்து, "பலகையை மாற்றவேண்டியவர் யாருங்க, ஐயா?" என்று பணிவாகவே கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. துரையைக் கேளுங்கள் என்றும் சொல்லவில்லை. நான்தான் என்றும் சொல்லவில்லை.

பாலம் மட்டும் மூன்று வாரத்தில் இரும்புச் சட்டத்தால் புதிதாகக் கட்டப்பட்டது. ஆனால் அதற்கு அரை மைல் அப்பால் அதே ஓடைமேல் இருந்த மற்றொரு பலகைப் பாலத்தை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது மறு ஆண்டு மழையில் உடைந்தது. அன்று அதன்மேல் எவரும் இல்லாதது நம்மவர் நல்வினை என்று மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள்!

இங்கேதான் எனக்கு ஓர் உண்மை விளங்கிற்று. பரிகாரம் என்பது விழுந்த ஒரு பாலத்தைச் சீராக்கும். பதில் என்பதுதான் இனி விழக்கூடிய பாலங்களை எல்லாம் பார்க்கச் செய்யும். எங்கள் தோட்டத்தில் பரிகாரம் வந்தது, பதில் வரவில்லை. "இது என் பொறுப்பு" என்று ஒருவர் சொல்லியிருப்பாராயின், அவருக்கு அடுத்த கேள்வி தானே எழுந்திருக்கும்: என் பொறுப்பில் இதுபோன்றவை இன்னும் எத்தனை? பொறுப்பை ஏற்காதவனுக்கு அந்த இரண்டாவது கேள்வி எழுவதே இல்லை. மகபூப்நகருக்குப் பின்னும் அரியலூர் நிகழ்ந்தது என்றால், ஒரு பாலத்தின் கதை மற்றப் பாலங்களின் கதையாக எண்ணப்படுவது எவ்வளவு கடினம் என்பது அதனால் விளங்கும்.

ஆகவே மந்திரியின் பதிலில் மூன்று பகுதிகள் இருத்தல் வேண்டும் என்பேன். என்ன நேர்ந்தது என்பது முதற்பகுதி. இனி நேராதிருக்க என்ன செய்யப்போகிறோம் என்பது இரண்டாவது. இதன் சுமையில் என் பங்கு யாது என்பது மூன்றாவது. மூன்றாவது இல்லாதபோது முதலிரண்டும் வெறுங் காகிதமாக முடிகின்றன. ஏனெனில் காரணத்தை மறைப்பதாலும், திட்டத்தை மறப்பதாலும் தமக்கு இழப்பு ஒன்றும் இல்லை என்று இலாகாவிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது மட்டும் இருந்தாலும் போதாது. ராஜினாமா ஒரு நாள் செய்தி. ஆய்வு என்பது ஆண்டுக்கணக்கான வேலை. இந்திய ரயில்வேயில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு முன்னரே இருந்தது. 1941இல் ரயில்வே ஆய்வாளர்களை ரயில்வே போர்டின் கீழிருந்து பிரித்து வேறோர் இலாகாவின் கீழ் வைத்தனர். தன் கடைக் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்ளும் வியாபாரியை யார் நம்புவர்? வண்டியை ஓட்டுபவனே விபத்தையும் விசாரிக்கலாகாது என்பதே அதன் கருத்து. 1961இல் அவ்வமைப்பு ரயில்வே பாதுகாப்பு ஆணையம் என்னும் பெயர் பெற்றது. 1962இல் குன்ஸ்ரு என்பவர் தலைமையில் ஒரு கமிட்டி அமைக்கப்பட்டு, ஒரு விபத்தை மட்டுமன்றி ரயில் விபத்துக்கள் அனைத்தையும் பொதுவில் ஆராய்ந்தது. நான் மேலே கூறிய இரண்டாவது கேள்வியை ஒரு நாட்டின் சர்க்கார் கேட்கும் முறை இதுவே.

சாஸ்திரியைத் தெய்வமாக்கிப் பூசிக்க வேண்டும் என்பது என் நோக்கமன்று. மனிதரைத் தெய்வமாக்கினால் அவரைக் கேள்வி கேட்க இயலாமற் போகும். 1957இல் அவர் அலகாபாத்திலிருந்து லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் மந்திரியானார்; 1961இல் உள்நாட்டு மந்திரியானார்; 1964 ஜூனில் பிரதம மந்திரியானார். ராஜினாமா செய்தால் அரசியல் வாழ்வு முடிந்துவிடும் என்று அஞ்சுவோர்க்கு இது நல்ல விடை. ஆனால் ரயில்வேயில் அவருக்குத் துணை மந்திரியாக இருந்த ஓ. வி. அழகேசனோ 1957 தேர்தலில் செங்கற்பட்டில் தோல்வியுற்றார். அரியலூரை எதிர்க்கட்சியினர் மேடைதோறும் எடுத்துப் பேசினர். ஒரே விபத்தில் மேலே இருந்தவர்க்குப் புகழும், கீழே இருந்தவர்க்குப் பழியும் கிடைத்தது எண்ணத்தக்கது.

மேலும், 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழ்நாட்டு மாணவர் கிளர்ந்தெழுந்தபோது பிரதம மந்திரியாக இருந்தவர் இதே சாஸ்திரிதான். தீக்குளித்து மாண்டவரும் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவரும் பலர். ஜனவரி இறுதியில் மூண்ட தீக்கு, பிப்ரவரி 11ஆம் நாள்தான் அவர் வானொலியில் உறுதிமொழி கூறினார். அதற்குள் தமிழ்நாட்டைச் சேர்ந்த மத்திய மந்திரிகள் இருவர் ராஜினாமாக் கடிதம் அளித்துவிட்டனர். ஒருவர் சி. சுப்பிரமணியம், மற்றவர் ஓ. வி. அழகேசன்! ஆற்று வெள்ளத்தால் நேர்ந்த சாவுக்கு உடனே பதில் கூற முன்வந்தவர், தம் ஆட்சியின் கொள்கையால் நேர்ந்த சாவுக்குப் பதில் கூறத் தாமதித்தார் என்றே நான் கருதுகிறேன். ஒருமுறை நன்கு பதில் கூறியவர் எப்போதும் நன்கு கூறுவார் என்பதற்கு உறுதி இல்லை. ஆகையால் கேட்பவர் ஓயக்கூடாது.

மலேசியாவில் வாழும் நமக்கு இதனால் ஆவது யாது எனின், கூறுகிறேன். இந்நாட்டில் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் தோட்டங்களையும் தழுவியது. தொழிலாளியின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு என்று அச்சட்டம் கூறுகின்றது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்புக் குழு அமைக்க வேண்டும் என்றும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும் என்றும் விதிக்கின்றது. அக்குழுவில் அமர்ந்துள்ள நம் இளைஞர் எத்தனை பேர் வாய் திறக்கின்றனர்? தேநீர் அருந்திக் கையெழுத்திட்டு வந்துவிடுவதற்காகவா அந்த நாற்காலி? பள்ளிக்குச் செல்லும் வேனிலும், ஆலையின் இயந்திரத்தருகிலும், அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியிலும் இன்று நம் பிள்ளைகளின் உயிர் இருக்கின்றது. பழுது கண்டால் நாளையும் பெயரையும் குறித்து எழுத்தில் தெரிவியுங்கள். விபத்து நேர்ந்தால் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு மூன்றாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். சட்டசபை உறுப்பினர் வாக்குக் கேட்க வரும்போது மாலை போடுவதற்கு முன்னால், அவர் பாதுகாப்பைப் பற்றிச் சபையில் என்ன வினா எழுப்பினார் என்று கேளுங்கள். அவர் எழுப்பிய வினாவும் மந்திரி அளித்த பதிலும் அச்சேறியிருக்கும். படித்தவர் எடுத்துப் படித்து மற்றவர்க்குச் சொல்லலாம்.

காலிழந்த அந்த அம்மையார் தம் பிள்ளையை வளர்த்து ஆளாக்கிவிட்டே கண்மூடினார். பலகையை மாற்றவேண்டியவர் யார் என்பதை இறுதிவரை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அத்தகைய தாய்மார் இனி ஒருவரேனும் நம்மிடையே பதிலறியாமல் சாகக்கூடாது.